சமவெளியில் சேசு சபை: சேந்தமங்கலம் முதல் சேலம் மறைமாவட்டம் வரை

சேசு சபை என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருபவை கல்லூரிகள்தாம். திருச்சி புனித வளனார், பாளையங்கோட்டை தூய சவேரியார், சென்னை லயோலா. சேலமும் நாமக்கல்லும் அந்த வரிசையில் வருவதே இல்லை. ஆனால் மதுரையில் தொடங்கிய அந்தச் சபையின் உள்நாட்டுப் பணி பாண்டிய நாட்டைத் தாண்டி வடக்கே முதலில் கால்வைத்த இடங்களில் சேந்தமங்கலமும் சேலமும் உண்டு. அது நடந்தது 1623-ல். அமெரிக்காவில் ஹார்வர்டு தொடங்கப்படாத காலம், மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி தொடங்கிய காலம். அவ்வளவு முன்னதாக வந்த சபையின் பெயர் இந்தச் சமவெளியில் இன்று ஏன் இவ்வளவு மெலிதாகக் கேட்கிறது? அந்தச் சபை எதற்காகத் தோன்றியது, இங்கே என்ன செய்தது, எதைச் செய்யத் தவறியது? இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். சபையின் பிறப்பிலேயே அதன் பலமும் இருந்தது, இங்கே அது இடறி விழுந்ததற்கான காரணமும் இருந்தது என்பது என் முடிவு.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த லொயோலா இஞ்ஞாசியார் 1491-ல் பிறந்தவர், போர்வீரர். 1521-ல் பாம்ப்லோனா கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் மனம் மாறி, மன்ரேசா என்ற ஊரில் தவமிருந்து, தன் அனுபவத்தை ஒரு பயிற்சி முறையாக எழுதிவைத்தார். ஆன்மிகப் பயிற்சிகள் என்ற அந்தச் சிறு நூல் படித்து முடிக்கும் நூல் அல்ல, ஒரு வழிகாட்டியின் துணையோடு ஏறத்தாழ ஒரு மாதம் செய்து பார்க்க வேண்டியது. முப்பது வயதுக்கு மேல் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்து, பாரீஸ் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். 1534 ஆகஸ்ட் 15 அன்று அந்நகரின் மோமார்த் குன்றில் அவரும் ஆறு நண்பர்களும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அந்த அறுவரில் ஒருவர்தான் பிற்காலத்தில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். 1540 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை மூன்றாம் பவுல் சபைக்கு ஒப்புதல் தந்தார்.

அதுவரை இருந்த துறவறத்திலிருந்து இது பல வகையில் விலகி நின்றது. பெனடிக்ட் சபைத் துறவி ஒரு மடத்தோடு வாழ்நாள் முழுதும் கட்டுண்டவர். நாளுக்குப் பலமுறை எல்லோரும் பாடற்குழுவில் கூடிச் சங்கீதம் ஓத வேண்டும். இஞ்ஞாசியார் அந்தக் கூட்டு ஓதலைத் தம் சபைக்கு வேண்டாம் என்றார். தனிச் சீருடையும் வைக்கவில்லை. அந்தந்த ஊரின் நல்ல குருக்கள் உடுத்துவதை உடுத்திக்கொள்ளலாம். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வழக்கமான மூன்று வாக்குகளுக்கு மேல், திருத்தந்தை எங்கே அனுப்பினாலும் போவேன் என்று நான்காவது வாக்கு ஒன்றும் சேர்த்தார். இன்னொன்றும் உண்டு: போன இடத்திலிருந்து எழுத வேண்டும். உள்ளூர் நிலவரம், மக்கள் வழக்கம், வெற்றி, தோல்வி எல்லாம் மேலிடத்துக்குக் கடிதமாகப் போயாக வேண்டும். மடம் இல்லை, குறிப்பிட்ட உடை இல்லை, போகும் கட்டாயம் உண்டு, எழுதும் கட்டாயமும் உண்டு. காவி உடுத்தி மரத்தாலான பாதக்குறடு மாட்டிய ஓர் இத்தாலியர் கொல்லிமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததற்கும், அதை இன்று நாம் பேச முடிவதற்கும் இந்த விதிகளே அடித்தளம்.

1542 மே மாதம் சவேரியார் கோவாவில் இறங்கினார். கடற்கரைப் பணி பரதவர்களோடு வேகமாக வளர்ந்தது. அதே சபையின் என்றிக் அடிகள் தமிழ் கற்று இலக்கணம் எழுதி, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலை அச்சிட்டார். கரையில் இவ்வளவு நடந்தும் உள்நாடு திறக்கவில்லை. மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியச் சாமியார் அங்கிருந்த பரதவர்களுக்குப் பணி செய்துகொண்டிருந்தார். பத்தாண்டுக்கு மேலாகியும் மதுரைக்காரர் ஒருவர்கூட அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளிக்காதவர், பரங்கி. ஊர் அவரைப் பார்த்த பார்வை அது. ஞானஸ்நானம் பெறுவது என்றால் பரங்கி ஆகிவிடுவது என்றுதான் மக்கள் புரிந்துகொண்டார்கள்.

1606-ல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகினார். 1577-ல் பிறந்தவர், இத்தாலியப் பிரபு குடும்பம். சில மாதங்களிலேயே பெர்னாந்தஸின் வீட்டிலிருந்து தனியே போய்விட்டார். காவி, கமண்டலம், ஒரு நேரச் சைவ உணவு, பிராமணச் சமையற்காரர். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் வடமொழி கற்றார். தமிழில் ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் போன்ற உரைநடை நூல்களை எழுதித் தத்துவபோதகர் எனப் பெயர் பெற்றார். தாம் பரங்கி அல்ல, ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்த சன்னியாசி என்று ஓலையில் எழுதிக் கதவில் ஒட்டினார். இது அவருடைய தனிச் சிந்தனை மட்டும் அல்ல. ஆசியப் பணிகளை மேற்பார்த்த அலெக்சாண்டர் வலிஞானோ ஜப்பானுக்கு வகுத்த நெறியும், சீனாவில் மத்தேயு ரிச்சி கன்பூசிய அறிஞர்போல் உடுத்தி வாழ்ந்ததும் அவருக்கு முன்மாதிரிகள். சபைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. பெர்னாந்தஸ் 1610-ல் புகார் எழுதினார். 1619-ல் கோவாவில் விசாரணை நடந்தது. முடிவில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623 ஜனவரி 31 அன்று, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சமயப் பொருள் நீக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார்.

இந்தப் பயணம்தான் நம் சமவெளியின் கதை. திருச்சிராப்பள்ளியைத் தாண்டி அவர் வந்து சேர்ந்த சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கர் என்ற தலைவர் இருந்தார், மதுரைக்கு அடங்கிய பாளையக்காரர். நாமக்கல் மலைமேல் இருக்கும் கோட்டையைக் கட்டியவராக உள்ளூர் மரபு சொல்வதும் சேந்தமங்கலம் ராமச்சந்திர நாயக்கர் பெயரைத்தான். அவர் நொபிலியை மரியாதையோடு வரவேற்றார், கோயில் கட்ட இடமும் தருவதாகச் சொன்னார். மதுரையில் பதினேழு ஆண்டுகள் சந்தேகமும் வழக்குமாகக் கழித்தவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை, சேலம் போனார்.

சேலத்தில் நிலைமை தலைகீழ். வந்த சன்னியாசிக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. பொதுச் சாவடியில், காற்றும் பனியும் நேரே அடிக்கும் திறந்த இடத்தில், நாள்கணக்கில் கிடந்தார். உடம்பு கெட்டது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், ஒரு வேளை உணவு, அதுவும் காய்ச்சலில் இறங்காத நிலை. பிறகுதான் ஊரில் இரக்கம் பிறந்து இருக்க இடம் கிடைத்தது, பேச்சு கேட்க ஆட்கள் வந்தார்கள். சபைக் கடிதங்கள் சலப்பட்டி நாயக்கர் என்று குறிப்பிடும் சேலத்துத் தலைவரும் மெல்ல நட்பானார். அவருடைய அண்ணன் திருமங்கல நாயக்கர் ஆட்சியை இழந்து மோரமங்கலத்தில் இருந்தார். நொபிலியின் போதனையைக் கேட்டு 1625-ல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். மதுரைப் பணியின் தொடக்க வரலாற்றில் ஆளும் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானது பெரிய செய்தி. கடிதங்கள் அதைப் பெருமையோடு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கதையை நமக்குச் சொல்வது ஒரு தரப்பு மட்டுமே. கடிதம் எழுதியவர் தம் மேலாளருக்கு எழுதுகிறார். அது ஐரோப்பாவில் படிக்கப்படும், இளைஞர்களைச் சபைக்கு ஈர்க்கும், நன்கொடை வரவைக்கும். அதனால் நண்பராக வந்த நாயக்கர் ஞானம் உள்ளவராகவும், தடுத்த நாயக்கர் கொடியவராகவும் தெரிவார்கள். திருமங்கல நாயக்கர் தரப்பிலிருந்து பார்த்தால் வேறொன்று தென்படுகிறது. தம்பியிடம் பட்டத்தைப் பறிகொடுத்த ஒருவர், அரண்மனைப் பூசாரிகளையும் ஊர்ப் பெரியவர்களையும் சாராத புதிய குரு ஒருவரை நாடுகிறார். அவருடைய நம்பிக்கை பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் பாளையத்துக் குடும்பப் பூசலைக் கழித்துவிட்டு இந்த மனமாற்றத்தை வாசிப்பது பாதி வாசிப்பு என்றே நினைக்கிறேன்.

ஆய்வாளர்கள் இந்தக் கடிதங்களைக் கையாண்ட விதமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சேசு சபையைச் சேர்ந்த பெர்த்ரான் அவற்றைப் பிரெஞ்சில் தொகுத்து வெளியிட்டார், தம் சபையின் வீரக் கதையாகவே. 1924-ல் வெளிவந்த சத்தியநாத அய்யரின் மதுரை நாயக்கர் வரலாறு அதே கடிதங்களை அரசியல் வரலாற்றுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலப் படையெடுப்பு, பஞ்சம், வரிக்கொடுமை பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி இந்தச் சாமியார்கள் எழுதியதே. சேசு சபைத் தமிழறிஞர் ச. இராசமாணிக்கம் 1960-களில் நொபிலியின் தமிழ் நூல்களைப் பதிப்பித்து, அவரை முதல் கீழைத்தேய அறிஞராக நிறுத்தினார். 1999-ல் இனஸ் ஜுபானோவ் எழுதிய ஆய்வு பார்வையைத் திருப்பியது. நொபிலிக்கும் பெர்னாந்தஸுக்கும் நடந்த சண்டையில் பிரபு குலத்து இத்தாலியருக்கும் போர்வீரராக இருந்து குருவான போர்த்துக்கீசியருக்கும் இடையிலான வர்க்க மோதலும் இருந்தது என்று அவர் காட்டினார். நொபிலி தம் ஊர்ப் பிரபு மனநிலையோடுதான் நம் ஊர்ச் சாதிப் படிநிலையைப் புரிந்துகொண்டார் என்பது அதிலிருந்து எனக்குக் கிடைத்த வெளிச்சம். உயர்ந்தவரை வென்றால் மற்றவர் தானாக வருவார்கள் என்ற அவர் கணக்கு இங்கிருந்து புறப்பட்டது.

அந்தக் கணக்கு சமவெளியில் பலிக்கவில்லை. ஆளும் குடும்பங்களின் ஆதரவு அடுத்த போரோடு போய்விடும். பதினேழாம் நூற்றாண்டில் கொங்கும் சேலமும் மதுரைக்கும் மைசூருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நிலம். 1640-களில் சத்தியமங்கலத்தில் சபையின் நிலையம் ஒன்று இருந்தது. அதே வழியாகத்தான் 1656 வாக்கில் மைசூர்ப் படை மதுரை நோக்கி இறங்கி, வழியில் பிடிபட்டவர்களின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்தது. மூக்கறுப்பு யுத்தம் என்று இன்றும் சொல்லப்படும் அந்தக் கொடுமையையும், மதுரைப் படை பதிலுக்கு அதையே மைசூரில் செய்ததையும் 1659-ல் அந்தோனி தெ புரோயென்சா என்ற சேசு சபைச் சாமியார் எழுதிய கடிதம் விவரிக்கிறது. தமிழ் போர்த்துக்கீசிய அகராதி செய்தவரும் அவரே. நூற்றாண்டு முடிவதற்குள் சேலம் மைசூரின் சிக்கதேவராயர் கைக்குப் போய்விட்டது. சேந்தமங்கலத்திலும் மோரமங்கலத்திலும் கிடைத்த அரண்மனை நட்பு இந்தப் புயலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அரண்மனை நட்பை நம்பியிருக்க முடியாது என்பதைச் சபையே சீக்கிரம் உணர்ந்தது. 1640-ல் சேசு சபையாரான பல்தசார் தா கோஸ்தா பண்டாரச் சாமியாக, அதாவது பிராமணரல்லாத துறவியாக, உடுத்திக்கொண்டு புறப்பட்டார். பிராமண சன்னியாசி பிராமணர், வேளாளர் போன்றாரோடு மட்டும் பழகலாம், மற்றவர்களைக் கிட்டே சேர்க்க முடியாது. பண்டாரம் எல்லாச் சாதியாரையும் சந்திக்கலாம். திருச்சி, கரூர் வட்டாரத்தில் தொடங்கிய இந்த முறையே பிறகு பணியின் முதுகெலும்பானது. 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் பண்டாரச் சாமி. நொபிலியைப் பற்றி நூறு நூல்கள் வந்த அளவுக்குப் பண்டாரச் சாமிகளைப் பற்றி வரவில்லை. ஆனால் சமவெளி மக்களிடம் வேதம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான்.

பண்டாரச் சாமியும் ஆண்டுக்கு ஒருமுறை, சில இடங்களில் அதைவிட அரிதாக, வந்துபோகிறவர். மதுரை முதல் மைசூர் எல்லை வரை பரந்த நிலத்துக்கு இருந்த குருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி நாட்களில் ஊரை நடத்தியவர் உபதேசியார். இந்த மனிதரை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஊருக்குள் பிறந்தவர், ஊரிலேயே உழுது பிழைப்பவராகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பார். எழுத்தறியாதவர்களுக்கு விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் வாய்ப்பாடமாக ஏற்றுவார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். இறந்தால் அடக்கத்துக்கு முன்னின்று செபிப்பார். கலியாணப் பேச்சில் முறையா முறைகேடா என்று சொல்லுவார். சாமியார் வரும்போது யாருக்குப் பாவசங்கீர்த்தனம் பாக்கி, யார் யாரோடு பகை என்ற கணக்கை ஒப்புவிப்பார். குரு சிறைப்பட்டால் முதலில் அடிபடுபவரும் இவரே. சபைக் கடிதங்களில் இவர் பெரும்பாலும் துணைப் பாத்திரம். கிராமத்துக் கத்தோலிக்கத்தின் முதன்மைப் பாத்திரம் இவர்தான் என்பேன்.

இவ்வளவும் செய்தவர் குருவாக முடியவில்லை. சேசு சபை கொல்லத்தைச் சேர்ந்த பேதுரு லூயிஸ் என்ற பிராமணரை 16-ஆம் நூற்றாண்டில் சேர்த்துக் குருப்பட்டமும் கொடுத்தது. சபை ஒடுக்கப்படும் வரை, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில், இந்தியர் என்று சபையில் இருந்தவர் அவர் ஒருவரே. நம் உடையை உடுத்தி, நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நம் மொழியில் நூல் எழுதத் துணிந்த சபை, நம்மவர் கையில் பீடத்தை ஒப்படைக்கத் துணியவில்லை. நொபிலியின் துணிச்சலை வியக்கும் நூல்களில் இந்த முரண்பாடு போதிய அளவு பேசப்படவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அடுத்தது சாதி. இதில் சபையின் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இருந்த விரிசல் ஆழமானது. நொபிலி வகுத்த வாதம் இது: சாதி வழக்கங்கள் குடிமை சார்ந்தவை, சமயம் சார்ந்தவை அல்ல, ஆகவே அவற்றை விடச் சொல்லாமல் கிறிஸ்தவராக்கலாம். இதன் விளைவு உடனே தெரிந்தது. பிராமண சன்னியாசிச் சாமியார் பறையர் குடியிருப்பில் இருக்கும் கிறிஸ்தவரை இரவில் யாரும் பார்க்காதபோது சந்தித்தார். நோயாளி சாகும் தறுவாயில் இருந்தாலும் அவர் குடிசைக்குள் போகாமல் வெளியே தூக்கி வரச் செய்யும் வழக்கமும் வந்தது. 1704-ல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்நோன் பதினாறு வழக்கங்களைத் தடைசெய்தார். அவற்றில் பல சடங்குச் சில்லறைகள்: ஞானஸ்நானத்தில் எச்சில் தொடுவதை விட்டுவிடுவது, தாலியில் பொறிக்கும் உருவம், பெண் பூப்பெய்தும் சடங்கு, திருமணத்தில் தேங்காய் உடைப்பது. நோயுற்ற பறையர் வீட்டுக்குள் குரு போக மறுப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. என் பார்வையில் பட்டியலில் மற்றவை எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. இது ஒன்றுதான் சுவிசேஷத்தோடு நேரடியாக மோதியது.

நாற்பது ஆண்டு வழக்குக்குப் பிறகு 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்புச் சொன்னார். நோயாளியின் குடிசைக்குள் குரு போயே ஆக வேண்டும். இதற்குச் சேசு சபை முன்வைத்த தீர்வு, பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை நியமிப்பது. ரோமாபுரியும் ஏற்றுக்கொண்டது. குடிசைக் கதவு திறந்தது. ஆனால் குருக்களே இரண்டு வகையானார்கள். சாதிப் பிரிவு அதுவரை ஊர் வழக்கமாக இருந்தது, இனித் திருச்சபையின் ஏற்பாடாகவும் ஆனது. 1872-ல் வடக்கன்குளத்தில் சேசு சபையின் காலத்தில் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் எழும்பியதும், 1910-ல் அதே சபையைச் சேர்ந்த கௌசானல் அடிகளின் முயற்சியில் அது இடிந்ததும் இந்தத் தொடர்ச்சியில் வந்தவை. பக்கத்துத் தெருக்காரரோடு ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காதவர் ஒரே பாத்திரத்தில் திருப்பலி ஒப்புக்கொடுப்பது எப்படி என்ற கேள்வியை நொபிலி ஒத்திவைத்தார். ஒத்திவைத்த கடன் வட்டியோடு வளர்ந்தது.

18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் சேசு சபையே இல்லாமல் போனது. 1759-ல் போர்த்துகல் அரசு தன் நாடுகளிலிருந்து சபையை விரட்டியது. 1773 ஜூலை 21 அன்று பதினான்காம் கிளமெந்து சபையை முழுதும் ஒடுக்கினார். காரணங்கள் ஐரோப்பிய அரசவைகளில் இருந்தன. விளைவை அனுபவித்தவர்களில் காவிரிக் கரைக் கிராமங்களும் உண்டு. கூடவே ஹைதர், திப்பு, ஆங்கிலேயர் சண்டைகள். குரு வராத நீண்ட ஆண்டுகளில் கிராமங்களைக் கட்டிக்காத்தவர் மறுபடியும் உபதேசியார்தாம்.

1776-ல் புதுச்சேரிப் பொறுப்பு பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சங்கத்துக்கு வந்தது. இது துறவற சபை அல்ல. துறவு வாக்குகள் எடுக்காத மறைமாவட்டக் குருக்களின் சங்கம், 1660 வாக்கில் பிறந்தது. சேசு சபை எங்கே பலவீனமாக இருந்ததோ அங்கே இதன் நோக்கம் தெளிவாக இருந்தது: போன நாட்டில் உள்ளூர்க் குருக்களை உருவாக்க வேண்டும். 1844-ல் புதுச்சேரியில் ஆயர் பொனாந்து கூட்டிய மன்றம் இதையும் பள்ளிக் கல்வியையும் முதன்மையாக்கியது. 1814-ல் ஏழாம் பத்திநாதரால் உயிர்பெற்ற சேசு சபை 1830-களின் இறுதியில் மதுரைக்குத் திரும்பியது. ஆனால் திரும்பியது காவிரிக்குத் தெற்கே. சேலம் புதுச்சேரியோடு நின்றுவிட்டது. சேசு சபையின் கல்லூரிகள் திருச்சியோடும் பாளையங்கோட்டையோடும் இருந்து, சேலத்துக்கு வராததற்கு நேரடிக் காரணம் இந்த எல்லைக்கோடு.

1930 மே 26 அன்று புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துச் சேலம் மறைமாவட்டம் உருவானது. முதல் ஆயர் ஹென்றி புருனியே, பாரீஸ் சங்கத்தவர். 1949-ல் வெண்மணி செல்வநாதர் ஆயரானார். நொபிலி சாவடியில் கிடந்த ஊருக்குத் தமிழர் ஒருவர் ஆயராக வர முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இதில் சேசு சபைக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். இந்தியாவில் லத்தீன் முறை மறைமாவட்டம் ஒன்றை ஆளும் முதல் இந்திய ஆயராக 1923-ல் தூத்துக்குடியில் பொறுப்பேற்ற திபூர்சியுஸ் ரோச் ஒரு சேசு சபையார். தன் பழைய தவற்றைச் சபை தாமதமாக என்றாலும் திருத்திக்கொண்டது. 1997-ல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. இன்று இந்தச் சமவெளியிலும் ஏற்காட்டிலும் துறவறம் என்றால் மக்கள் கண்ணில் படுவது வேறு சபைகள்: மான்போர்ட் பள்ளியை நடத்தும் காபிரியேல் சகோதரர்கள், குளூனி கன்னியர். கல்வியையே அழைப்பாகக் கொண்ட அந்தச் சபைகளின் கதை தனியே எழுதப்பட வேண்டியது.

சேசு சபையின் நோக்கம் என்ன என்ற கேள்விக்கு அந்தச் சபை தானே 1974-75-ல் கூடிய 32-ஆவது பொது மன்றத்தில் புது விடை கொடுத்தது: விசுவாசப் பணியும் நீதிக்கான உழைப்பும் பிரிக்க முடியாதவை. 1940-ல், இந்தியச் சடங்குகள் பற்றி மறைபணியாளர்கள் எடுக்க வேண்டியிருந்த பழைய சத்தியப்பிரமாணம் நீக்கப்பட்டபோதே நொபிலி வழக்கு சட்டப்படி முடிந்துவிட்டது. நொபிலி ஒத்திவைத்த சாதிக் கேள்வி மட்டும் மிச்சமிருந்தது, 1975-க்குப் பிறகு அதையும் சபை கையில் எடுத்தது. தலித் கிறிஸ்தவர் நிலை பற்றித் தமிழகச் சேசு சபையார் ஆய்வும் போராட்டமும் செய்தார்கள். விரகலூரில் பிறந்து ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில், காவலில் இருக்கும்போதே, 84 வயதில் இறந்தார். அவரும் அந்த நான்காவது வாக்கின் வழிவந்தவர்தான். அவர் போய்ச் சேர்ந்தது ராஜாக்களின் வாசலுக்கு அல்ல.

இந்தத் திருத்தம் கிராமங்களுக்கு முழுதாக வந்து சேரவில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. அரசு செய்யும் இந்த அநியாயத்தைத் திருச்சபை கண்டிப்பது சரியே. 2016-ல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நடப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நடத்திக்காட்ட வேண்டிய இடங்கள் கல்லறை, பங்குப் பேரவை, தேர் வரும் தெரு, குருமடச் சேர்க்கை. சேலம், நாமக்கல் பங்குகளில் இந்த நான்கிலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஊர் ஊராக எழுதிவைக்கும் ஆய்வு ஒன்று வர வேண்டும். அதை எழுதுபவர்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் உபதேசியார் குடும்பங்களின் வாய்மொழியையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பாவுக்குப் போன கடிதங்களில் இடம்பெறாத ஆட்கள் அந்த இரண்டிலும் பெயரோடு இருக்கிறார்கள்.